தொகையீட்டுச் சோதனை படித்த ஞாயிற்றுக்கிழமைகள்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை பேசி முடிக்கும்போது நீ கல்யாணப் பேச்சை எடுத்தாய். "அம்மா, நீங்க நல்லா ஆனதுக்குப் பொறகு தேதிய வச்சுக்கலாம், எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றாய். நான் "சரிப்பா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். ஏற்கெனவே தேதியைத் தள்ளிப் போட்டபோதும் இதே "சரிப்பா"தான். அந்தச் சொல் என் வாயில் எப்போதும் தயாராக இருக்கிறது. பள்ளிக்கூடத்து அதிபர் ஒன்பதாம் வகுப்பையும் சேர்த்து எடுக்கச் சொன்னபோது "சரி சேர்" என்றேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிகிறது என்று பக்கத்து வீட்டு சரோஜா ஓடிவந்து சொன்னபோதும் "சரி" என்றேன். அவள்தான் உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். போனில் நான் எதைச் சொன்னாலும் உனக்கு அது வேறு மாதிரிப் போய்ச் சேருகிறது. அதனால் எழுதுகிறேன். எழுதும்போது "சரி" என்று சொல்லித் தப்ப முடியாது.

எழுத வேண்டும் என்று தோன்றியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. செவ்வாய்க்கிழமை பின்னேரம் தர்ஷினி என்னைக் கூப்பிட்டாள். உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். அதற்காக அவளைக் கோபிக்காதே. நீ கட்டப்போகிற பெண் என்னிடம் தனியாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அவளுடைய யாழ்ப்பாணத்துப் பேச்சை நான் கொஞ்சம் கவனமாகத்தான் கேட்க வேண்டியிருந்தது. "அன்ரி, உங்களுக்குக் கரைச்சல் குடுக்கக் கூடாது எண்டுதான் இவ்வளவு நாளும் எடுக்கேல்லை" என்று தொடங்கினாள். "கலியாணம் எப்ப நடந்தாலும் எனக்குப் பரவாயில்லை. ஆனா இவர் சிரிக்கிறேல்லை, அன்ரி. ஏதும் பகிடி சொன்னா முகம் கொஞ்சம் மலரும். பிறகு தானே அடக்கிக்கொண்டு அங்கால திரும்பிடுவார். ஏன் எண்டு கேட்டா, அங்க அம்மா எப்பிடி இருக்கிறாவோ எண்டுவார்." நான் "சரிம்மா, நான் பேசுறேன்" என்றேன். போனை வைத்த பிறகு திருத்த வேண்டிய விடைத்தாள்களை எடுத்து வைத்துக்கொண்டேன். ஒன்றைக்கூடத் திருத்தவில்லை.

நான் எப்படி இருக்கிறேன் என்று நீ ஒவ்வொரு முறையும் கேட்கிறாய். இருப்பதை இருக்கிறபடி சொல்கிறேன். எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. துக்கம் நெஞ்சை அடைக்கிறது என்கிறார்களே, அப்படி எதுவும் இல்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்டால் கன்னம் இருக்கும். ஆனால் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுவது போல இருக்கும். அவ்வளவுதான். சமைக்கிறேன், பள்ளிக்கூடம் போகிறேன், படுத்தால் தூங்குகிறேன். சரோஜா இதைக் கேட்டால் பயப்படுவாள், அவளிடம் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன், நீ பயப்படாதே.

உங்கப்பா போன அன்று காலை நான் உள்ளே சேலைக்கு அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தேன். அவர் வாசலில் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார். வாளி உருளும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது முன்சக்கரத்தின் பக்கத்தில் கிடந்தார். குழாயிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. நான் முதலில் குழாயை மூடினேன். பிறகுதான் அவரிடம் போனேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. அந்த ஒரு நொடியில் ஒரு வித்தியாசமும் வந்திருக்காது என்று டொக்டரே சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. அன்று நீ போனில் "வாறேன்மா, என்ன ஆனாலும் வாறேன்" என்று கத்தினாய். உன் விசா புதுப்பிக்கக் கொடுத்திருந்த நேரம். வெளியே வந்தால் திரும்பி உள்ளே போக முடியாது என்று முந்தின வாரம்தான் நீ உங்கப்பாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தாய். நான் "வராத" என்றேன். அதையும் ஏதோ சந்தைக்குப் போக வேண்டாம் என்று சொல்வது போலத்தான் சொன்னேன். அதை நினைத்து நீ இன்னும் உன்னைத் தின்றுகொண்டிருக்கிறாய். சொன்னது நான். மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

சாவு வீட்டில் பெண்கள் என்னை அழவைக்கப் பாடுபட்டார்கள். "அழுதுருங்க டீச்சர், உள்ளுக்குள்ள வச்சிக்கிறக் கூடாது" என்று சரோஜா கட்டிப்பிடித்துக் கதறினாள். அவள் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தேன். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் மழைக்கு ஒதுங்கி ஆட்டோவுக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர் இருந்தால் ஹோர்னை அடிக்க விட்டிருப்பார் என்று நினைத்தேன். அந்த நினைப்பும் வந்தது, போனது. பிறகு வந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு உவமை சொன்னார்கள். ஒருவர் ஆறு என்றார். ஒருவர் விளக்கு என்றார். உன் பழைய தமிழ் சேர் வந்து, வாழ்க்கை ஒரு பஸ், அவரவர் இறங்குமிடம் வந்தால் இறங்கத்தான் வேண்டும் என்றார். நல்ல மனிதர்கள். ஆனால் எதைப் பார்த்தாலும் அது உங்கப்பாவைப் பற்றிய ஏதோ ஒன்றாகிவிட்டது. மழை பெய்தால் வானம் அழுகிறது என்றார்கள். நம்ம றொசல்லயில் மழை பெய்யாத நாள் எது?

ஞாயிறு காலையில் நீ கூப்பிடுவாய். "சாப்டீங்களா?" "சாப்டேன்." "தூங்குனீங்களா?" "தூங்குனேன்." நான் கேட்பேன், நீயும் அதையே சொல்வாய். கருமாதி முடிந்து கொஞ்ச நாளில் கேட்க ஒன்றும் மிஞ்சவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மெல்பேர்னில் உன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி உறுமுவது எனக்குக் கேட்டது. அப்போது நீ, வேறு எதுவும் வாயில் வராமல்தான் என்று நினைக்கிறேன், "அம்மா, உங்க பாடம் எங்க நிக்குது?" என்றாய். வருசக்கணக்காக நான் இழுத்துக்கொண்டிருக்கும் தூரக்கல்விப் பட்டம். சனிக்கிழமைகளில் உங்கப்பா என்னை ஹட்டனில் வகுப்புக்கு இறக்கிவிட்டு, முடியும்வரை ஆட்டோவிலேயே தூங்குவார். "டீச்சர் பாஸாகுறதுக்குள்ள வண்டி பழசாயிரும்" என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். ஊர் என்னைக் கூப்பிடுவது போல அவரும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். மிச்சம் இருந்தது நுண்கணிதம் ஒரு பாடம்தான். "முடிவிலித் தொடர்ல நிக்குது" என்றேன். "புத்தகத்த எடுங்க" என்றாய். எடுத்தேன்.

அன்று நீ கேட்ட கேள்வி எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. ஒன்று, அரை, மூன்றிலொன்று, கால், ஐந்திலொன்று என்று கூட்டிக்கொண்டே போனால் என்ன ஆகும்? உறுப்புகள் சிறுத்துச் சிறுத்துப் பூச்சியத்தை நெருங்குகின்றன, ஆகவே கூட்டுத்தொகை எங்காவது நின்றுவிடும் என்றேன். "எந்த எடத்துல நிக்கும்?" என்றாய். "பத்துக்குள்ள நிக்கும்" என்றேன். "பத்தையும் தாண்டும்மா. நூறையும் தாண்டும். ரொம்ப மெதுவாப் போகும், ஆனா நிக்காது." நான் "இல்ல" என்றேன். "சேக்கிறது ஒண்ணுமில்லாமப் போறப்ப மொத்தம் எப்பிடிப்பா ஏறும்? நீ பிழையாச் சொல்ற." குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போல. சரோஜா சமையலறைச் சன்னலால் எட்டிப் பார்த்தாள். உங்கப்பா போன பிறகு நான் யாரிடமும் "இல்லை" என்று சொன்னது அதுதான் முதல் தடவை என்று பிறகு யோசித்தபோது தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்கு நீ பிழை என்பது மட்டுந்தான் தெரிந்தது.

நீ ஒரு தாளில் படம் வரைந்து போட்டோ எடுத்து அனுப்பினாய். மேலிருந்து இறங்கி வலப்பக்கமாக நீண்டுகொண்டே போகும் ஒரு வளையி, ஒன்றின் கீழ் x. அதில் பக்கத்தில் பக்கத்தில் செவ்வகங்கள். எல்லாவற்றுக்கும் அகலம் ஒன்று; உயரம் ஒன்று, அரை, மூன்றிலொன்று என்று இறங்குகிறது. ஆகவே தொடரைக் கூட்டுவதும் இந்தச் செவ்வகங்களின் பரப்பளவைக் கூட்டுவதும் ஒன்றுதான். ஒவ்வொரு செவ்வகத்துக்கும் இடதுபக்க மேல்மூலை வளையியைத் தொடுகிறது. வளையி இறங்குவதால் செவ்வகத்தின் மிச்சப் பகுதி வளையிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது. அப்படியென்றால் செவ்வகங்கள் எல்லாம் சேர்ந்து, வளையிக்குக் கீழே உள்ள பரப்பளவைவிடப் பெரியவை. அந்தப் பரப்பளவைத் தொகையிட்டுக் கண்டுபிடித்தால் மடக்கை வரும். மடக்கை ஆமை மாதிரித்தான் ஏறும், ஆனால் ஏறிக்கொண்டே இருக்கும். "கீழ இருக்கிறதே எல்லையில்லாமப் போகுதுன்னா, அதுக்கு மேல இருக்கிறது எப்பிடிம்மா நிக்கும்?" என்றாய். நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருசம் பின்னம் படிப்பித்தவள். நீ சொன்னது சரி. எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் சரி.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அதுதான். புத்தகம் இங்கிலீசில் இருந்ததால் நீ தமிழில் எழுதி அனுப்புவாய். நான் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு ஹட்டனுக்குப் போய் றிஸ்வி நானாவின் கடையில் பிரின்ட் எடுப்பேன். போட்டோகொப்பியும் ஸ்டூடியோவும் சேர்ந்த கடை. நானா ஒருநாள் தாளைத் தூக்கிப் பிடித்து, "டீச்சர், இதென்ன பாம்பு எந்திரிச்சு நிக்கிற மாதிரி ஒரு எழுத்து?" என்றார். "தொகையீடு, நானா." "அப்பிடின்னா?" "கொஞ்சங் கொஞ்சமா இருக்கிறத எல்லாம் ஒண்ணாச் சேக்கிறது." அவர் தலையாட்டினார். "மகன் அனுப்புறதா? நல்லா அனுப்பட்டும்" என்று சொல்லி அடுத்த தாளை வைத்தார். அவர் என்னிடம் உங்கப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இருவரும் எவ்வளவு கூட்டாளிகள் என்று உனக்குத் தெரியும். அதற்காகவே நான் அந்தக் கடைக்குப் போனேன்.

பிறகு நீ சிரித்த நாள். ஒன்றின் கீழ் n வர்க்கம் என்ற தொடரை எனக்கு வீட்டுப்பாடமாகக் கொடுத்திருந்தாய்: ஒன்று, கால், ஒன்பதிலொன்று, பதினாறிலொன்று. சார்பு பூச்சியத்துக்கு மேலே இருக்கிறது, தொடர்ச்சியானது, இறங்குகிறது என்று எழுதி, ஒன்றிலிருந்து முடிவிலிவரை தொகையிட்டேன். விடை ஒன்று. "ஆகவே தொடர் ஒருங்கும், கூட்டுத்தொகை 1" என்று அடிக்கோடு போட்டு, சந்தோசம் இல்லாவிட்டாலும் சுத்தமாக, படம் எடுத்து அனுப்பினேன். நீ அதைப் பார்த்தாய். பிறகு, "அம்மா, மொத உறுப்பே ஒண்ணும்மா" என்றாய். "மொத உறுப்பே ஒண்ணு. அதோட கால், ஒம்பதுல ஒண்ணு எல்லாம் சேந்த பொறகும் ஒண்ணாவே நிக்குதுன்னு எழுதியிருக்கீங்க. மத்ததெல்லாம் எங்கம்மா போச்சு?" சொல்லிக்கொண்டிருக்கும்போதே உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்ன வயதில் மூக்கால் பால் வரும்வரை சிரிப்பாயே, அந்தச் சிரிப்பு. உனக்கு மூச்சு வாங்கியது. நான் தாளைப் பார்த்தேன். நாலாம் வகுப்புப் பிள்ளைகூட விடாத பிழை. பிறகு திடீரென்று உன் சத்தம் நின்றது. "சாரிம்மா" என்றாய். சாவு வீட்டுக்குள் செருப்போடு வந்துவிட்டவன் மாதிரி.

அன்றே உனக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன். நீ சிரித்தது எனக்குக் கேட்டது. என் நெஞ்சு குளிர்ந்தது என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். வெளியே மழை விட்டால் நமக்குத் தெரியுமே, தலையைத் தூக்கிப் பார்க்காமலே தெரியுமே, அந்த மாதிரித் தெரிந்தது. நீ நிறுத்தியதும் தெரிந்தது. நிறுத்தாமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் வாயில் வந்தது, "சரிப்பா, மேல சொல்லு."

நீ மேலே சொன்னாய். முதல் செவ்வகத்தைத் தனியாக எடுத்து வைத்தாய். மற்றச் செவ்வகங்களை ஒரு படி இடப்பக்கம் தள்ளினாய். இப்போது அவை எல்லாம் வளையிக்குக் கீழே அடங்கிவிட்டன. வளையிக்குக் கீழே உள்ள மொத்தப் பரப்பளவே ஒன்று. ஆகவே அவை ஒன்றைத் தாண்டாது. முதலாவதையும் சேர்த்தால் இரண்டைத் தாண்டாது. "இந்தச் சோதன நிக்குமா நிக்காதான்னு மட்டுந்தாம்மா சொல்லும். எங்க நிக்கும்னு சொல்லாது. அதுக்கு வேற வழி இருக்கு, உங்க பாடத்துல இல்ல." நான் ஒரு சந்தேகம் கேட்டேன்: சார்பு தொடக்கத்தில் கொஞ்சம் ஏறி, பிறகு இறங்கினால்? "பரவால்ல. ஒரு எடத்துக்குப் பொறகு எறங்கிக்கிட்டே இருந்தாப் போதும். முன்னுக்கு இருக்கிறது எண்ணி முடிக்கக்கூடிய தொகைதானே. அது முடிவ மாத்தாது. ஆனா நிபந்தனைய மொதல்ல எழுதுங்கம்மா. எழுதாமத் தொகையிட்டா மார்க்ஸ் இல்ல."

இதை எல்லாம் துக்கத்துக்கு உவமையாகச் சொல்லப்போகிறேன் என்று நீ எதிர்பார்க்கலாம். ஸ்டாஃப் ரூமில் ஒரு டீச்சர் அப்படித்தான் சொன்னார். நான் இதைப் பற்றிச் சொன்னதும், "பாருங்க, கவலயும் அப்பிடித்தான் கொறஞ்சு கொறஞ்சு போகும்" என்றார். நான் தாளை மடித்து வைத்துவிட்டேன். தம்பி, இது எதைப் போலவும் இல்லை. அதனால்தான் எனக்கு இது வேண்டியிருந்தது. வீட்டில் சுவர், கொடி, கண்ணாடி, ஆட்டோ எல்லாம் அவர். ஒன்றின் கீழ் n வர்க்கம் அவர் இல்லை. அவர் இருந்தபோதும் அது ஒருங்கியது, இப்போதும் ஒருங்குகிறது. நான் அழுகிறேனா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நீ எனக்குக் கொடுத்தது அதுதான். நீ ஆறுதல் சொல்ல முயன்றிருந்தால் போனை வைத்திருப்பேன்.

பரீட்சையன்று நடந்ததை நான் உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. கண்டிக்குப் போக வேண்டும். இரவெல்லாம் மழை. விடியற்காலையில் றொசல்ல ஸ்டேசனுக்குப் போனால் ஸ்டேசன் மாஸ்டர் வெளியே வந்து, "டீச்சர், கோச்சிய பரக்குய்" என்றார், ரயில் பிந்தும் என்று. வட்டவளைப் பக்கம் தண்டவாளத்தில் மண் சரிந்துவிட்டதாம். ரயில் எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். போகாவிட்டால் என்ன என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. எவ்வளவு லேசாக வந்தது என்றால், வீட்டுக்குத் திரும்ப எழுந்தே விட்டேன். அப்போதுதான் குடை கையிலிருந்து நழுவ, அதைப் பிடிக்கப் போனதில் பையில் இருந்த உன் தாள்கள் பிளாட்பாரத்தில் கொட்டின. மாஸ்டரும் நானும் குனிந்து பொறுக்கினோம். ஒவ்வொரு தாளின் மேலேயும் நீ "நிபந்தனையை முதலில் எழுதவும்" என்று சிவப்பில் எழுதியிருந்தாய். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் சிவப்பைப் பார்த்து, முக்கியமானது போல என்று நினைத்து, அந்தத் தாள்களைத் தன் சேர்ட்டில் துடைத்துத் துடைத்துத் தந்தார். அதற்குப் பிறகு வீட்டுக்குப் போக ஒரு மாதிரி இருந்தது. பெரிய ரோட்டுக்கு ஏறி பஸ்ஸில் போனேன்.

மண்டபத்துக்குப் பிந்தித்தான் போனேன். மேற்பார்வையாளர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. உன் சோதனை நாலாவது கேள்வியாக இருந்தது. ஒன்றின் கீழ் n பெருக்கல் மடக்கை n. பிறகு அதே தொடரில் மடக்கைக்கு வர்க்கம். இரண்டும் ஒருங்குமா விரியுமா? நிபந்தனையை முதலில் எழுதினேன். மடக்கையை u என்று வைத்தேன். முதலாவதில் தொகையீடு மடக்கையின் மடக்கையாக வந்தது. அது போகிற வேகத்தைப் பார்த்தால் அசைவதாகவே தெரியாது, ஆனாலும் நிற்காது. ஆகவே விரியும். இரண்டாவது, ஒன்றின் கீழ் மடக்கை இரண்டு என்று அழகாக நின்றது. ஆகவே ஒருங்கும். அதற்குக் கீழே கூட்டுத்தொகை இவ்வளவு என்று எழுதாமல் பேனாவைத் தூக்கிவிட்டேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

வெளியே வந்தபோது எனக்குப் பசித்தது. இதை ஒரு பெரிய விசயமாக நான் சொல்லவில்லை, ஆனால் நீ கேட்டுக்கொள். "சாப்டேன்" என்று உன்னிடம் சொன்ன நாட்களில் நேரத்துக்குச் சாப்பிட்டேன், பசித்துச் சாப்பிடவில்லை. கண்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு சைவக் கடையில் சோறும் பருப்பும் பாகற்காய்க் கறியும் சாப்பிட்டேன். பரிமாறியவர் "அம்மா, இன்னுங் கொஞ்சம் போடவா?" என்றார். "போடுங்க" என்றேன். பிறகும் கேட்டார். பிறகும் "போடுங்க" என்றேன். அவ்வளவுதான். ரிசல்ட் வந்து, சாதாரண சித்தியில் பாஸ் என்று தெரிந்து, அதிபர் காலைக் கூட்டத்தில் அறிவித்துப் பிள்ளைகள் கைதட்டியபோதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கைதட்டல் என் பின்னால் நிற்கும் யாருக்கோ போல இருந்தது. ஆனால் பசி என்னுடையதாக இருந்தது.

இப்போது தர்ஷினி சொன்னதற்கு வருகிறேன். நான் நல்லா ஆனதுக்குப் பிறகு என்கிறாய். அது எப்போது என்று எனக்குத் தெரியாது, வருமா என்றும் தெரியாது. தெரியாத ஒன்றுக்காக ஒரு பெண்ணைக் காக்க வைக்காதே. என் முகத்தைப் பார்த்து உன் சிரிப்பை அளந்து வைக்காதே. அது எனக்குச் செய்கிற மரியாதை இல்லை, பாரம். உங்கப்பா இருபத்தைந்து வருசத்துக்கு மேல் என்னோடு இருந்தார். நான் முகத்தைத் தூக்கி வைத்திருந்த நாட்களில் அவர் "என்ன டீச்சர், என்ன கோவம்?" என்று கேட்டதே இல்லை. ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணி, "ஹட்டன் போறேன், வாறீங்களா?" என்பார். போனால் போவோம், போகாவிட்டால் அவர் தனியே போய் வருவார். தர்ஷினி பேசாமல் இருக்கும் நாட்கள் வரும். அப்போது "என்ன ஆச்சு, என்ன ஆச்சு" என்று குடையாதே. நீ என்னிடம் கேட்டாயே, பாடம் எங்கே நிற்கிறது என்று, அப்படி ஏதாவது கேள். அவள் ஒரு நாளைக்கு எங்கேயாவது அழுதாலும், அழாவிட்டாலும், அதை உன்மேல் போட்ட குற்றமாக எடுத்துக்கொள்ளாதே. நீ அப்படி எடுத்துக்கொள்கிறவன். அது என்னிடமிருந்து வந்ததாக இருக்கலாம்.

அவள் பேசிய மறுநாளே நான் ஒரு வேலை செய்தேன். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு நுவரெலியாவுக்குப் போய் பாஸ்போர்ட்டுக்குக் கைரேகை கொடுத்துவிட்டு வந்தேன். கந்தோரில் இருந்த சிங்களப் பெண்பிள்ளை, எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டாள். "புத்தாகே வெடிங் எகட" என்றேன். மகனுடைய கல்யாணத்துக்கு. அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. "ஆ, ஷோக்னே!" என்று சந்தோசப்பட்டுச் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பைக் குறைத்துக்கொண்டாள், உன்னைப் போலவே. நான் சிங்களத்தில் அவளிடம், பரவாயில்லை மகள், சந்தோசமான விசயந்தான், என் முகம் இப்போது இப்படித்தான் இருக்கும் என்றேன். அவளிடம் சொல்ல முடிந்தது. அப்படியானால் உன்னிடமும் சொல்லலாம் என்று பஸ்ஸில் திரும்பும்போது நினைத்தேன்.

அதற்குப் படம் எடுத்தது, போகிற வழியில், றிஸ்வி நானாவின் ஸ்டூடியோவில். வெள்ளைத் துணிக்கு முன்னால் உட்கார வைத்து விளக்கைத் திருப்பிவிட்டு, "டீச்சர், சிரிக்கக் கூடாது. பாஸ்போர்ட் படத்துக்குச் சட்டம் அப்பிடி" என்றார். "அது எனக்கு லேசு, நானா" என்றேன். அவர் ஏற்கெனவே திருப்பியிருந்த விளக்கை மறுபடியும் திருப்பினார். பிறகு எடுத்தார்.

தம்பி, தேதியை வை. இன்றைக்கே தர்ஷினியின் அப்பாவுடன் பேசு. நான் வருகிறேன். அங்கே பந்தலில் சொந்தக்காரர்கள் எல்லாரையும் நிறுத்திப் படம் எடுக்கும்போது, எடுக்கிறவர் என்னைப் பார்த்து, "அம்மா, கொஞ்சம் சிரிங்க" என்று கட்டாயம் சொல்வார். நான் முயற்சி செய்வேன், வராமலும் போகலாம். அப்போது நீ என்னைத் திரும்பிப் பார்க்காதே. அவள் காதில் ஏதாவது சொல்லிச் சிரித்துக்கொண்டிரு, அப்படியே எடுக்கச் சொல். அந்தப் படத்தில் நான் உன் பக்கத்தில் நிற்பேன்.

அம்மா